சம்பள நாளில் ஏன் அடிதடி? ரயில் பாதையோடு நகர்ந்த சலூன்களின் கதை

நம் ஊரில் சலூன் என்றால் முடி வெட்டும் கடை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், அதே சொல் சாராயக் கடையைக் குறித்தது. பெரிய கூடம் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. இங்கே கத்தரிக்கோலோடு ஒட்டிக்கொண்டது, அங்கே விஸ்கி பீப்பாயோடு. இந்தக் கட்டுரையில் சலூன் என்று வரும் இடமெல்லாம் அந்த விஸ்கிக் கடைதான்.

கௌபாய் படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகத் தெரியும். யாரோ யாரையோ இடிக்கிறார், ஒரு கிளாஸ் உடைகிறது, அடுத்த நொடி கடை முழுக்க அடித்துக்கொள்கிறது. அப்புறம் எல்லோரும் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறார்கள். நிஜத்திலும் அடிதடி நடந்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சம்பளப் பட்டுவாடா இருந்தது, மனை விற்பனை இருந்தது, போலீசும் கோர்ட்டும் எட்டிப் பார்க்காத ஒரு ஊர் இருந்தது. முரட்டு ஆட்கள், குடித்தார்கள், அடித்துக்கொண்டார்கள் என்று நிறுத்திவிட்டால் அந்த மனிதர்களுக்கு நாம் செய்வது அநியாயம். அதனால் சண்டையை விட்டுவிட்டு, சண்டை பிறந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

1862 ஜூலை 1 அன்று, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, அதிபர் ஆபிரகாம் லிங்கன் பசிபிக் ரயில்வே சட்டத்தில் கையெழுத்திட்டார். கண்டத்தின் குறுக்கே பாதை போட இரண்டு கம்பெனிகள். யூனியன் பசிபிக், நெப்ராஸ்காவின் ஒமாஹாவிலிருந்து மேற்கு நோக்கி வர வேண்டும். சென்ட்ரல் பசிபிக், கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவிலிருந்து கிழக்கு நோக்கி வர வேண்டும். எங்கே சந்திக்கிறார்களோ அங்கே பாதை முடியும். போட்ட ஒவ்வொரு மைலுக்கும் அரசு கடன் பத்திரம் கொடுத்தது: சமவெளியில் 16,000 டாலர், இடைப்பட்ட மேட்டு நிலத்தில் 32,000, மலையில் 48,000. பாதையை ஒட்டி நிலமும் கிடைத்தது. ஒரு மைல் கூடுதலாகப் போட்டால் அந்த மைலின் பணம் நமக்கு, இல்லையென்றால் எதிர்க் கம்பெனிக்கு. இந்தக் கணக்கை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் அவசரமெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

யூனியன் பசிபிக்கில் கை வேலை செய்தவர்களில் அயர்லாந்துக்காரர்கள் அதிகம். 1845-க்குப் பிறகு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் ஆட்கள் கப்பலேறினார்கள். அப்படி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் இவர்கள். கூடவே ஜெர்மானியர்கள், ஸ்வீடன்காரர்கள், போரில் இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்திருந்த சிப்பாய்கள், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள். நேற்று வரை எதிரெதிராகச் சுட்டுக்கொண்டவர்கள் இன்று ஒரே தண்டவாளத்தின் இரண்டு முனையைத் தூக்குகிறார்கள்.

தண்டவாளம் பதிக்கும் ஒப்பந்தம் ஜாக் கேஸ்மென்ட், டான் கேஸ்மென்ட் என்ற சகோதரர்களிடம் இருந்தது. ஜாக் போரில் தளபதியாக இருந்தவர், வேலையையும் படை நடத்துவது போலவே நடத்தினார். ஒரு தண்டவாளம் ஐந்நூறு பவுண்டுக்கு மேல் எடை. ஒரு மைலுக்குச் சுமார் 400 தண்டவாளம், ஒவ்வொன்றுக்கும் பத்து ஆணி, ஒவ்வொரு ஆணிக்கும் மூன்று சம்மட்டி அடி. பெருக்கிப் பாருங்கள், ஒரு மைலுக்குப் பன்னிரண்டாயிரம் அடி. ஒரு நாளில் ஒரு மைல், இரண்டு மைல், சில நாள் அதற்கும் மேல். தூங்குவது ரயில் பெட்டியில், மூன்றடுக்குப் பலகைப் படுக்கையில். சாப்பாட்டு மேஜையில் தகரத் தட்டுகளை ஆணியடித்து வைத்திருந்தார்கள். ஒரு பந்தி எழுந்ததும் தட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த பந்தியை உட்கார வைத்தார்கள். கழுவக்கூட நேரம் இல்லை.

கூலி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று டாலர். அந்தக் காலத்துக்கு நல்ல கூலிதான். ஆனால் அது மாதக் கணக்கில் சேர்ந்து, மொத்தமாக, ரொக்கமாக, பாதையின் முனைக்கு வந்தது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான மைல் புல்வெளி. வீடு இல்லை, மனைவி மக்கள் இல்லை, பணத்தைப் பத்திரமாகப் போட்டு வைக்க பேங்க் இல்லை. ஒரு மாதம் முதுகு ஒடிய வேலை செய்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கையில் ஒரே நாளில் காசு. அந்தக் காசைத் தேடித்தான் ஊரே வந்தது.

ஊர் வந்தது என்று சொல்வது மிகையில்லை. பாதை குளிர்காலத்துக்காகவோ வேறு காரணத்துக்காகவோ எங்கே சில வாரம் நிற்கிறதோ, அங்கே கூடாரங்களும் மரக்கடைகளும் முளைத்தன. பாதை அறுபது எழுபது மைல் முன்னேறியதும் அதே கூடாரங்களைச் சுருட்டி, மரச்சுவர்களைக் கழற்றி, வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். நார்த் பிளாட், ஜூல்ஸ்பர்க், ஷையன், லாரமி, பென்டன், கிரீன் ரிவர், பேர் ரிவர் சிட்டி என்று வரிசையாக அந்த ஊர்கள் வந்தன. 1867 நவம்பரில் பாதை ஷையனைத் தொட்டபோது, சரக்கு ரயிலில் கூடாரமும் பலகையும் குவிந்து வந்து இறங்கியதைக் காட்டி, இதோ ஜூல்ஸ்பர்க் வந்துவிட்டது என்று ரயில் ஊழியர் கத்தியதாக ஒரு கதை உண்டு. நடந்ததும் ஏறக்குறைய அதுதான். 1868-இல் இப்பக்கம் வந்த மாசசூசெட்ஸ் பத்திரிகை ஆசிரியர் சாமுவேல் பவுல்ஸ் இந்த ஊர்களுக்கு வைத்த பெயர்தான் நிலைத்தது: சக்கரத்தில் ஓடும் நரகம். பத்திரிகைகூட நகர்ந்தது. ஃபிரான்டியர் இண்டெக்ஸ் என்ற செய்தித்தாள் தன் அச்சு இயந்திரத்தோடு ஊர் ஊராகப் பாதையின் பின்னாலேயே போனது.

படத்தில் பார்க்கும் பளபளப்பான நீளக் கண்ணாடி, செதுக்கிய மர கவுன்ட்டர் எல்லாம் இங்கே பெரும்பாலும் கிடையாது. இரண்டு பீப்பாய், மேலே ஒரு பலகை, தலைக்கு மேல் கான்வாஸ், அவ்வளவுதான் பல சலூன்கள். பெரிய கடைகளும் இருந்தன. பென்டனுக்கு 1868-இல் வந்த நிருபர் ஜான் பீடில், நூறடி நீளமும் நாற்பதடி அகலமும் உள்ள பெரிய கூடாரம் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆடுவதற்குப் பலகைத் தளம், ஒரு பக்கம் மதுக் கடை, மற்ற இடமெல்லாம் சூதாட்ட மேஜை. பென்டனில் தண்ணீர்கூட விலைக்குத்தான், சில மைல் தள்ளி நார்த் பிளாட் ஆற்றிலிருந்து வண்டியில் வர வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் வாழ்ந்த அந்த ஊர் மூன்று மாதம்கூட நிற்கவில்லை. இன்று அங்கே போனால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

சலூனைக் குடிக்கும் இடம் என்று மட்டும் நினைத்தால் புரியாது. அந்தக் காலத்துத் தொழிலாளிக்கு அதுதான் பேங்க், அதுதான் தபால் ஆபீஸ், எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் கிடைக்கும் இடமும் அதுதான். சம்பளத்துக்கு முன்னால் பற்று எழுதிக்கொண்டு குடிக்கலாம், சம்பள நாளில் கடைக்காரர் பற்றுச் சீட்டோடு நிற்பார். நண்பர்களோடு போனால் ஆளுக்கு ஒரு ரவுண்டு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது எழுதாத விதி. ஆறு பேர் போனால் ஆறு ரவுண்டு. மறுப்பது அவமானம், அவமதிப்பும்கூட. ஒருத்தர் ஊற்றிக் கொடுத்ததை இன்னொருத்தர் தள்ளிவிட்டதில் தொடங்கிய சண்டைகளை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். சீட்டாட்டத்தில் ஏமாற்று வேறு. மூன்று சீட்டைக் குப்புறப் போட்டு, ராணி எங்கே என்று கேட்கும் மான்டி ஆட்டத்தில் தொழிலாளி ஜெயிக்க வழியே இல்லை, ஆட்டம் அமைக்கப்பட்ட விதம் அப்படி. ஒரு மாதக் கூலி அரை மணியில் போனவன் மேஜையைப் புரட்டினால், அவனைக் குடிகாரன் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து, யார் யாரோடு அடித்துக்கொண்டார்கள்? இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் கிராமச் சந்தைகளில் கம்பு எடுத்துக்கொண்டு இரண்டு கட்சி மோதுவது பழைய வழக்கம். அமெரிக்கா வந்த பிறகும் கார்க் பக்கத்துக்காரர்கள், லாங்ஃபோர்டு பக்கத்துக்காரர்கள் என்று ஊர் வாரியான பிரிவு போகவில்லை. 1834 ஜனவரியில், மேரிலாந்தில் செசபீக்-ஒஹையோ கால்வாய் வெட்டிய இந்த இரு பிரிவுக்கும் பெரிய கலவரம் மூண்டது. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் ராணுவத்தை அனுப்பினார். தொழிலாளர் தகராறு ஒன்றுக்கு அமெரிக்க மத்திய அரசு படை அனுப்பியது அதுதான் முதல் தடவை. மேலோட்டமாகப் பார்த்தால் ஊர்ப் பகை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் கால்வாய்க் கம்பெனியிடம் பணம் தீர்ந்துகொண்டிருந்தது, வேலை குறைந்துகொண்டிருந்தது. எந்தக் கூட்டம் மற்றதை விரட்டுகிறதோ அதற்கே வேலை மிஞ்சும். சங்கம் இல்லாத இடத்தில் ஊர்க்காரன்தான் சங்கம். அவனை ஒருத்தன் அடித்தால் சும்மா இருக்க முடியாது, ஏனென்றால் நாளைக்கு வேலை போனால் கஞ்சி ஊற்றப் போகிறவனும் அவன்தான்.

மேற்கே ரயில் பாதையிலும் ஆட்களை அப்படித்தான் கேங் கேங்காக எடுத்தார்கள். ஒரே ஊர், ஒரே மொழி, ஒரே மேஸ்திரி. ஒரு சலூனில் இரண்டு தனி ஆட்களின் வாய்த்தகராறு ஒரு நிமிஷத்தில் ஐம்பது பேர் சண்டையாக மாறியதன் ரகசியம் அந்த அமைப்பில்தான் இருக்கிறது.

சரி, தடுக்க யாரும் இல்லையா? இல்லை என்பதே பெரும்பாலும் பதில். ஷையன் முதல் பேர் ரிவர் சிட்டி வரையிலான ஊர்கள் இருந்த வயோமிங், தனிப் பிரதேசமாக ஆனது 1868 ஜூலையில்தான். அதுவரை அது டகோட்டா பிரதேசத்தின் ஒரு ஓரம், தலைநகரமோ பல நூறு மைல் கிழக்கே யாங்க்டனில். சட்டம் வந்த பிறகும் கவர்னர் வந்து பொறுப்பேற்க அடுத்த வருஷ வசந்த காலம் ஆகிவிட்டது. பாதை அதற்குள் வயோமிங்கைக் கடந்தே போய்விட்டது! சட்டத்தைவிட ரயில் வேகமாக ஓடிய இடம் அது. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் இரண்டு தரப்பு. ஒன்று, கம்பெனி. இன்னொன்று, முகமூடி போட்டுக்கொண்டு தாங்களே தீர்ப்பு எழுதித் தூக்கில் போட்ட ஊர்க் காவல் கும்பல்.

கம்பெனி எப்போது தலையிட்டது என்பதைக் கவனியுங்கள். ஜூல்ஸ்பர்க்கில் 1867-இல் சூதாட்டக்காரர்கள் கம்பெனியின் மனைகளில் கடை போட்டுவிட்டுப் பணம் தர மறுத்தார்கள். தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ், ஜாக் கேஸ்மென்ட்டை அனுப்பினார். கேஸ்மென்ட் தன் ஆட்களோடு துப்பாக்கி எடுத்துப் போனார். பிறகு டாட்ஜ் வந்து விசாரித்தபோது, கேஸ்மென்ட் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஊரின் இடுகாட்டைக் காட்டினாராம். இது டாட்ஜ் பிற்காலத்தில் சொன்ன கதை, அதில் எவ்வளவு மெருகு ஏறியிருக்கும் என்று யோசித்தே படிக்க வேண்டும். ஆனால் ஒன்று தெளிவு. சலூனில் தொழிலாளி அடிபட்டதற்காகக் கம்பெனி வரவில்லை, மனைக் காசு வராததற்காக வந்தது.

காவல் கும்பல் என்ன செய்தது என்பதற்கு உதாரணம், பேர் ரிவர் சிட்டி என்ற ஊர். இன்றைய எவன்ஸ்டனுக்குத் தெற்கே, 1868 நவம்பர். கும்பல் சிலரைப் பிடித்துத் தூக்கில் போட்டது. தூக்கில் போடப்பட்டவர்களில், மண் வேலை செய்த தொழிலாளர்களுக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். அதே கும்பலை ஆதரித்து எழுதிக்கொண்டிருந்தது ஃபிரான்டியர் இண்டெக்ஸ். நவம்பர் 20 அன்று தொழிலாளர்கள் ஊருக்குள் புகுந்து சிறையைக் கொளுத்தினார்கள், பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கினார்கள். கடைக்காரர்கள் துப்பாக்கியோடு எதிர்த்தார்கள். செத்தவர்கள் எத்தனை என்பதை ஒவ்வொரு பதிவும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறது. ஃபோர்ட் பிரிட்ஜரிலிருந்து ராணுவம் வந்த பிறகே அடங்கியது. அதன் பிறகு ரயில் கம்பெனி அந்த ஊரில் ஒரு கிளைப் பாதைகூடப் போடவில்லை. ஊர் கலைந்து போனது. சலூன் சண்டை என்ற பெயரில் இதைச் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது விசாரணை இல்லாத தூக்குக்கு எதிராக வந்த கோபமாகவே தெரிகிறது.

இனி மறுபக்கம், சென்ட்ரல் பசிபிக். அங்கே 1865 முதல் சீனத் தொழிலாளர்கள், பெரும்பாலும் குவாங்டாங் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். உச்சத்தில் பத்தாயிரத்துக்கு மேல், மொத்த ஆட்களில் பத்தில் எட்டு ஒன்பது பேர். வேலை இன்னும் கொடுமை, சியரா நெவாடா மலையின் கருங்கல்லைக் குடைய வேண்டும், பனிச்சரிவு வேறு. ஆனால் அங்கே நகரும் நரகம் உருவாகவில்லை. உடனே சீனர்கள் சாதுவானவர்கள், ஐரிஷ்காரர்கள் முரடர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் அப்படித்தான் சொல்லின. கொஞ்சம் உள்ளே பார்த்தால் ஏற்பாடே வேறு. சீனர்கள் பன்னிரண்டு முதல் இருபது பேர் கொண்ட குழுவாக இருந்தார்கள். குழுவுக்கு ஒரு சமையல்காரர், ஒரு தலைவர். நம்மவர்கள் கங்காணி என்று சொல்வார்களே, ஏறக்குறைய அந்த இடம். கூலி அவர் கைக்கு வரும், சாப்பாட்டுச் செலவு கழிந்து பங்கு பிரியும். உலர்ந்த மீனும் அரிசியும் காய்கறியும் அவர்கள் செலவில். குடிக்கக் கொதிக்க வைத்த தேநீர், பழைய வெடிமருந்துப் பீப்பாயில் நிரப்பி வேலை இடத்துக்கே வரும். கட்டுமான மேற்பார்வையாளர் ஸ்ட்ரோபிரிட்ஜ் சாராய வியாபாரிகளை முகாம் பக்கம் விடவில்லை.

சண்டையே இல்லையா என்றால், இருந்தது. 1869 மே தொடக்கத்தில் யூட்டாவில் விக்டரி என்ற முகாமில் இரண்டு சீனக் குழுமத்தைச் சேர்ந்த பல நூறு பேர் மண்வெட்டியும் கடப்பாரையுமாக மோதிக்கொண்டதாக அப்போதைய செய்திகள் சொல்கின்றன. காரணம் 15 டாலர் கடன் பாக்கி. பக்கத்தில் சலூனும் இல்லை, விஸ்கியும் இல்லை. பாக்கிப் பணமும் குழு விசுவாசமும் மட்டும் இருந்தன.

இரண்டு வருஷம் முன்னால் அதே சீனத் தொழிலாளர்கள் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். 1867 ஜூன் 25 அன்று சுமார் 3,000 பேர் கருவியைக் கீழே வைத்துவிட்டு முகாமுக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். மாதம் 40 டாலர் கூலி, குகை வேலைக்குக் குறைந்த நேரம், இதுதான் கோரிக்கை. ஒரு கல் வீச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை போல இருந்தது என்று கம்பெனியின் சார்லஸ் க்ராக்கரே பிறகு சொன்னார். அவர் செய்தது உணவு வரத்தை நிறுத்தியது. ஒரு வாரத்தில் பட்டினி வென்றது. சலூன் சண்டைக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த வரலாறு இந்த வேலைநிறுத்தத்துக்கு வெகுகாலம் ஒரு வரிதான் கொடுத்தது. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த ஓரவஞ்சனைக்கு ஒரு காரணம், நமக்குக் கிடைக்கும் பதிவுகள். ஹென்றி மார்டன் ஸ்டான்லி, பீடில், பவுல்ஸ் எல்லோரும் வெளியூர்ப் பத்திரிகைக்கு எழுதியவர்கள். கிழக்கே வீட்டில் உட்கார்ந்து படிப்பவருக்கு ரத்தமும் விஸ்கியும் வேண்டும், எழுதினார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஆணியடித்தவனின் நாளை யாரும் எழுதவில்லை. சீனத் தொழிலாளர்கள் விஷயத்தில் இன்னும் மோசம், அவர்கள் கைப்பட எழுதிய ஒரு கடிதம்கூட இதுவரை கிடைக்கவில்லை. எனவே எந்தச் சலூன் கதையைப் படித்தாலும் முதலில் எழுதியவர் யார், அன்று சம்பள நாளா என்று கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கைகலப்பையும் படுகொலையையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. 1885 செப்டம்பர் 2 அன்று வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில், யூனியன் பசிபிக்கின் நிலக்கரிச் சுரங்கத்தில், எந்த இடத்தில் யார் வெட்டுவது என்ற தகராறு அடிதடியாகத்தான் தொடங்கியது. அன்று மாலைக்குள் வெள்ளைத் தொழிலாளர்கள் சீனர் குடியிருப்பைக் கொளுத்தி, 28 சீனர்களைக் கொன்றிருந்தார்கள். கொன்றவர்களிலும் பலர் குடியேறிகள்தான். பத்து வருஷம் முன்பு வேலைநிறுத்தத்தை உடைக்கக் கம்பெனி சீனர்களைக் கொண்டுவந்ததிலிருந்து வளர்ந்த பகை அது. ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. இதைச் சண்டை என்று எழுதுவதே தப்பு.

கடைசியாக, யூனியன் பசிபிக் ஆட்களைப் பற்றி ஒரு சம்பவம். 1869 மே முதல் வாரம். இரண்டு பாதையும் யூட்டாவின் புரோமன்டரி மேட்டில் சேரப் போகின்றன, கடைசியாக அடிக்கத் தங்க ஆணி தயார். விழாவுக்குத் தனிப் பெட்டியில் போய்க்கொண்டிருந்தார் கம்பெனியின் துணைத் தலைவர் தாமஸ் டுரான்ட். வயோமிங்கின் பியட்மான்ட்டில் சில நூறு தொழிலாளர்கள் ரயிலை மறித்தார்கள். அவர் பெட்டியைக் கழற்றிப் பக்கத்துப் பாதையில் தள்ளிச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். பல மாதக் கூலி பாக்கி, அது வந்தால்தான் பெட்டி நகரும் என்றார்கள். தந்திக்கு மேல் தந்தி பறந்து பணம் வந்த பிறகே விட்டார்கள். மழையில் ஒரு பாலமும் பழுதாகியிருந்தது. மே 8 அன்று நடக்க வேண்டிய விழா மே 10 அன்றுதான் நடந்தது.